எந்தச் சங்கத்துல சேரலாம், பாஸ்?

ஃபைனல் இயர் மக்களே, உங்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர்ற கம்பெனியைப் பத்தி என்னவெல்லாம் விசாரிப்பீங்க? சம்பளம் எவ்வளவு, போஸ்டிங் எங்கே, பாண்டு எழுதி வாங்குவாங்களா, ஷிஃப்ட்டுக்கு பஸ் வருமா, கேன்டீன் சாப்பாடு தேறுமா... எல்லாம் கேட்டாச்சு. 'அங்கே தொழிற்சங்கம் இருக்கா?'ன்னு யாராவது கேட்டீங்களா?

கேட்டிருக்க மாட்டீங்க. கேட்டா கைக்கு வந்த ஆஃபர் லெட்டர் நழுவிடுமோன்னு பயம். நியாயமான பயம்தான். ஆனா அந்தக் கேள்வி உங்களை விடாது. மூணு மாசமா ஓவர்டைம் காசு வராதபோதும், பக்கத்து சீட்காரரை ஒரே நாளில் ராஜினாமா எழுதச் சொல்லும்போதும், 'ட்ரெயினி'ங்கிற பட்டம் மூணாவது வருஷமும் கழுத்துல தொங்கும்போதும் அதுவே தேடி வந்து எதிரே நிற்கும். அன்னிக்கு அடிச்சுப் பிடிச்சு ஓடுறதைவிட, இன்னிக்கே ஒரு டீயைக் குடிச்சுக்கிட்டு நிதானமா யோசிக்கிறது நல்லது.

வேலை பார்க்கிற இடத்துல சங்கமே இல்லைன்னா, எந்தச் சங்கத்துல சேர்றது? எதைப் பார்த்து முடிவு பண்றது? இந்த வாரம் அதுதான் மேட்டர்.

போர்டுல இல்லாத கதை

திருப்பரங்குன்றத்துல படிக்கிறவங்களுக்கு ஹார்விபட்டியைத் தெரியாம இருக்காது. திருமங்கலம் பஸ்ஸில் போகும்போது அந்த ஸ்டாப்பைத் தாண்டியிருப்பீங்க. நம்ம ஊருக்கு எப்படி ஒரு வெள்ளைக்காரப் பேர்னு யோசிச்சிருக்கீங்களா? மதுரா மில்ஸை நடத்தின ஏ அண்ட் எஃப் ஹார்வி கம்பெனியோட பேர் அது. மில் தொழிலாளர்களுக்காக உருவான குடியிருப்பு. முதலாளி பேர் ஊர்ப் பேரா நின்னுடுச்சு. அந்த மில்லுல பாடுபட்டவங்க சங்கம் கண்ட கதை எந்த போர்டுலயும் இல்லை.

1908 பிப்ரவரி 27. ஹார்வி நிர்வாகத்தோட இன்னொரு ஆலையான தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க. கூலி உயர்வும் வார லீவும் கேட்டாங்க. கூடவே நின்னவங்க வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. அந்த வாரமே, மார்ச் 12-ல், தலைவர்கள் கைது. அன்னிக்குப் பதிவு பண்ணின சங்கமும் கிடையாது, அதுக்கான சட்டமும் கிடையாது.

பத்து வருஷம் கழிச்சு, 1918 ஏப்ரல் 27-ல சென்னையில மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. தலைவர் பி.பி. வாடியா, பக்கபலமா திரு.வி.க. நம்ம மதுரையில மில் தொழிலாளர்களைச் சங்கமாத் திரட்டினவர் வக்கீல் ஜார்ஜ் ஜோசப். உசிலம்பட்டிப் பக்கம் 'ரோசாப்பூ துரை'ன்னு சொன்னா பெரியவங்களுக்குத் தெரியும். ஆரம்பத்துல கூலி கூடுச்சு, வேலை நேரம் குறைஞ்சது. அப்புறம் மில் நிர்வாகமும் சர்க்காரும் சேர்ந்து நெருக்கினதுல அந்தச் சங்கம் நிலைக்கலை.

இந்தப் பேர்களைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. வ.உ.சி. வக்கீல். ஜோசப் வக்கீல். வாடியா பிரம்மஞான சபைக்காரர். திரு.வி.க. பத்திரிகையாளர். தறி ஓட்டின ஆள் ஒருத்தர்கூட முன்னால இல்லை. ஏன்னா, தொழிலாளி முன்னால வந்தா மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்கணும். அதனால வெளி ஆள் தேவைப்பட்டார். வெளி ஆளுக்கே நிலைமை மோசம்தான். சென்னையில பின்னி நிர்வாகம் வாடியா மேல கோர்ட்டுக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கிடுச்சு. 'சங்கம் நடத்தினதுக்காக வழக்கா?'ன்னு எழுந்த சத்தம்தான் கடைசியில 1926-ல் தொழிற்சங்கச் சட்டமா வந்து நின்னது.

நமக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. வெளியே இருந்து வர்ற தைரியம் வேணும். ஆனா உள்ளே வேர் இல்லைன்னா, வெளி ஆளை நெருக்கினாலே சங்கத்தை முடிச்சிடலாம். சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

முதல்ல ஆளுங்க, அப்புறம் கொடி

'நான் ஒரு ஆளா எந்தச் சங்கத்துல சேர்றது?'ன்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க. சிம் கார்டு மாதிரி கடைக்குப் போய் ஆளுக்கு ஒண்ணு வாங்குற விஷயமா இருந்தா அது சரியான கேள்வி. சங்கம் அப்படியில்லை. உங்க லைன்ல நிக்கிற பத்துப் பேர் வேற வேற கொடிக்குக் கீழே போனா, பத்துப் பேரும் தனி ஆள்தான்.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 1926 சட்டத்தோட இடத்துக்கு 2020-ம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு வந்தாச்சு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. 7 பேர் சேர்ந்தா சங்கம் பதிவு பண்ண விண்ணப்பிக்கலாம். ஆனா அந்த நிறுவனத்துலயோ தொழில்லயோ இருக்கிற தொழிலாளர்கள்ல 10 சதவீதம் அல்லது 100 பேர், இதுல எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினரா இருக்கணும். அடுத்தது முக்கியம். ஒரு கம்பெனியில பல சங்கம் இருந்தா, 51 சதவீதம் பேரை வெச்சிருக்கிற சங்கம்தான் நிர்வாகத்தோட பேசுற ஒரே சங்கம். யாருக்கும் 51 இல்லைன்னா, குறைஞ்சது 20 சதவீதம் வெச்சிருக்கிற சங்கங்கள் சேர்ந்த ஒரு கவுன்சில் பேசும்.

ஒரு கணக்குப் போடுங்க. கப்பலூர் சிட்கோ எஸ்டேட்ல 100 பேர் வேலை பார்க்கிற ஒரு ஃபேக்டரின்னு வெச்சுக்குவோம். 60 பேருக்கு சங்கம் வேணும். அவங்க ஒரே சங்கத்துல இருந்தா நிர்வாகம் அவங்களோட பேசியே ஆகணும். அதே 60 பேர் ஆளுக்கு 15-ஆ நாலு சங்கத்துல பிரிஞ்சு நின்னா, நாலுல ஒண்ணுக்குக்கூட மேஜையில நாற்காலி கிடையாது.

அதனால முதல் வேலை ஆபீஸ் தேடிப் போறது இல்லை. டீக்கடைக்குப் போறது. ரெண்டு பேர், நாலு பேர், ஏழு பேர்னு நம்பிக்கையான ஆளுங்களோட பேசுங்க. கம்பெனி மெயில்லயும் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்புலயும் வேண்டாம். என்ன பிரச்னை, யாருக்கெல்லாம் பிரச்னை, எது முதல்ல தீரணும்னு எழுதுங்க. அந்த ஒரு பக்கப் பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு சங்கத்தைத் தேடினா நீங்க பேச வேண்டியதை நீங்களே பேசுவீங்க. வெறுங்கையோட போனா அவங்க பேசறதைக் கேட்டுட்டு வருவீங்க.

கடைத்தெருவுல என்னென்ன இருக்கு?

முதல் வகை, பெரிய மத்திய சங்கங்கள். ஏ.ஐ.டி.யு.சி. 1920, ஐ.என்.டி.யு.சி. 1947, எச்.எம்.எஸ். 1948, பி.எம்.எஸ். 1955, சி.ஐ.டி.யு. 1970-ன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரலாறு. தமிழ்நாட்டுல தொ.மு.ச.வும் அண்ணா தொழிற்சங்கப் பேரவையும் உண்டு. பலதுக்குக் கட்சிச் சாயல் இருக்கிறதை நீங்களே அறிவீங்க. பலம்: வக்கீல், அனுபவம், மாவட்டம் பூரா ஆள், லேபர் ஆபீஸ் வாசல் பழக்கம். பலவீனம்: கட்சிக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு வந்தா, எந்தப் பக்கம் நிப்பாங்கங்கிற சந்தேகம்.

ரெண்டாவது, தொழில்வாரிச் சங்கம். ஐ.டி., கட்டடம், பஞ்சாலைன்னு ஒரு தொழில்ல எந்தக் கம்பெனியில இருந்தாலும் சேரலாம். உங்க இடத்துல நீங்க ஒரே ஆளா இருந்தா இதுதான் வழி. கம்பெனி மாறினாலும் கார்டு கூடவே வரும்.

மூணாவது, எதோடும் இணையாத சுயேச்சைச் சங்கம். முடிவெல்லாம் உங்க கையில. செலவும் அலைச்சலும்கூட உங்க தலையில.

இதுல ஒண்ணைப் பிடிச்சா ஆயுசுக்கும் அதுதான்னு இல்லை. அமெரிக்காவுல, நியூயார்க் ஸ்டேட்டன் ஐலண்ட் அமேசான் கிடங்குத் தொழிலாளர்கள் எந்தப் பெரிய சங்கத்தையும் நம்பாம, தாங்களே ஒண்ணு ஆரம்பிச்சு 2022 ஏப்ரல்ல ஓட்டெடுப்புல ஜெயிச்சாங்க. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனா கம்பெனியைப் பேச்சுவார்த்தை மேஜைக்கு இழுத்துட்டு வர அவங்க பலம் பத்தலை. 2024 ஜூன்ல டீம்ஸ்டர்ஸ் என்கிற பெரிய சங்கத்தோட இணைஞ்சாங்க. தனியா ஆரம்பிச்சுப் பிறகு சேரலாம். அதுவும் ஒரு வழி.

சாம்சங் சொன்ன பாடம்

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலை 2007-ல் ஆரம்பிச்சது. பதினாறு வருஷத்துக்கு மேல அங்கே சங்கமே கிடையாது. 2024-ல் தொழிலாளர்கள் சங்கம் அமைச்சாங்க. தங்களுக்குனு சொந்தமா ஒரு சங்கம், அதுக்குப் பின்பலமா சி.ஐ.டி.யு. உள்ளே வேரும் வெளியே தூணும் சேர்ந்த ஏற்பாடு.

அந்தச் சங்கத்தைப் பதிவு பண்ணுறதுக்கே பெரிய பாடு. பேர்ல 'சாம்சங்' வரக் கூடாதுன்னு கம்பெனி ஆட்சேபிச்சது. செப்டம்பர் 9-ல் ஆரம்பிச்ச வேலைநிறுத்தம் 37 நாள் ஓடுச்சு. நடுவுல, அக்டோபர்ல, நிர்வாகம் ஒரு தொழிலாளர் குழுவோட உடன்பாடு போட்டதா அறிவிப்பு வந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவங்க அதை ஏத்துக்கலை. அப்புறம் ஹைகோர்ட் போய், கடைசியா 2025 ஜனவரி 27-ல்தான் பதிவு கிடைச்சது. அதோட சுபம் போட முடியலை. அடுத்த மாசமே சங்கப் பொறுப்பாளர்கள் சஸ்பெண்ட் ஆனாங்க, அதுக்கும் உட்கார வேண்டி வந்தது.

கவனிக்க வேண்டிய இடம், அந்தக் 'குழு'. நீங்க சங்கம் பேச ஆரம்பிச்ச வாசனை வந்த உடனே பல கம்பெனிகள்ல ஒரு கமிட்டி முளைக்கும். கேன்டீன் கமிட்டி, வெல்ஃபேர் கமிட்டின்னு பேர் அழகா இருக்கும். கமிட்டி தப்பில்லை, சாம்பார்ல உப்பு இல்லைன்னு சொல்ல அது போதும். ஆனா யார் தேர்ந்தெடுத்தது, நிர்வாகம் 'முடியாது'ன்னு சொன்னா அதால அடுத்து என்ன செய்ய முடியும்னு கேளுங்க. பதில் இல்லைன்னா அது சங்கம் இல்லை.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஏழு பேர் சேர்ந்தாச்சு, ரெண்டு மூணு சங்கத்தைப் பார்த்துப் பேசப் போறீங்க. கூச்சப்படாம இதெல்லாம் கேளுங்க.

ஒண்ணு: 'எங்க கிளைக்கு யார் பொறுப்பாளர்? யார் தேர்ந்தெடுப்பாங்க?' சட்டப்படி வெளி ஆட்கள் பொறுப்பாளர்கள்ல மூணுல ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அவ்வளவுதான் இருக்கலாம். மிச்சம் எல்லாம் வேலை பார்க்கிறவங்கதான். 'அதெல்லாம் நாங்க போட்டுத் தர்றோம் தம்பி'ன்னு பதில் வந்தா, ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்த ஆபீஸுக்கு நடங்க.

ரெண்டு: 'சந்தா எவ்வளவு? ரசீது உண்டா? கணக்கை எப்போ காட்டுவீங்க?' கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறது உறுப்பினரோட உரிமை. அரசியல் செலவுக்கு நிதி வாங்கினா அது தனிக் கணக்கு. அதுக்குப் பணம் கொடுன்னு உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இது பல உறுப்பினர்களுக்கே தெரியாத சங்கதி.

மூணு: 'பக்கத்துக் கம்பெனியில என்ன ஒப்பந்தம் போட்டீங்க? காட்டுங்க.' பழைய ஆளுங்க 'ட்வெல்வ் த்ரீ', 'எய்ட்டீன் ஒன்'னு நம்பர்ல பேசுவாங்க. பழைய தொழில் தகராறு சட்டத்துல லேபர் ஆபீசர் முன்னால போட்டது 12(3). ரெண்டு தரப்பும் தாங்களே பேசிப் போட்டது 18(1). பேப்பரைப் படிச்ச பிறகு, அந்தக் கம்பெனித் தொழிலாளிகிட்டத் தனியா விசாரிங்க. மேடையில கேட்கிறதைவிட சைக்கிள் ஸ்டாண்டுல கேட்கிறது நம்பகமா இருக்கும்.

நாலு: 'கான்ட்ராக்ட் ஆளையும் சேர்ப்பீங்களா? பெண்கள் எத்தனை பேர் பொறுப்புல இருக்காங்க?' இது ஃபேஷனுக்குக் கேட்கிற கேள்வி இல்லை. நம்ம பக்கத்து திண்டுக்கல்லைப் பாருங்க. அங்கே ஒரு ஆயத்த ஆடை ஆலையில வேலை பார்த்த இளம் பெண் 2021 ஜனவரியில கொலை செய்யப்பட்டார். தன் சூப்பர்வைசரால தொல்லைக்கு ஆளானவர் அவர். அவருக்காக நின்னது தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன். பெண்களே தலைமை தாங்குற சங்கம். அவரும் அதுல உறுப்பினர். 2022 ஏப்ரல்ல அந்தச் சங்கம் ஆலை நிர்வாகத்தோடயும், துணி வாங்குற எச் அண்ட் எம் மாதிரி வெளிநாட்டு கம்பெனியோடயும் ஒப்பந்தம் போட்டது. பாலியல் தொல்லையைத் தடுக்க ஃப்ளோர்லயே தொழிலாளர்களைக் கண்காணிப்பாளர்களா நிறுத்துற ஏற்பாடு. 'திண்டுக்கல் ஒப்பந்தம்'னு உலகம் பூரா பேர் வாங்கிடுச்சு. சூப்பர்வைசர் கை மேல படுதுன்னு ஒரு பொண்ணு எந்தச் சங்க ஆபீஸ்ல கூசாம சொல்ல முடியுமோ, அந்தச் சங்கம்தான் அவளுக்குச் சங்கம்.

ஐந்து: 'நாளைக்கே என்னை நிறுத்திட்டா என்ன செய்வீங்க?' சங்கத்துல சேர்ந்ததுக்காகப் பழிவாங்குறது சட்டப்படி முறையற்ற தொழில் நடவடிக்கை. ஆனா சட்டம் தானா வந்து கதவைத் தட்டாது. மனு யார் எழுதுவாங்க, லேபர் ஆபீஸுக்கு யார் கூட வருவாங்க, கேஸ் எத்தனை வருஷம் இழுக்கும், அதுவரை வீட்டுக்கு என்ன வழி? 'ஒண்ணும் ஆகாது, நாங்க இருக்கோம்'னு மட்டும் சொல்றவங்களை நம்பாதீங்க. 'கஷ்டம்தான், இன்னது செய்வோம், இன்னது முடியாது'ன்னு சொல்றவங்களை நம்புங்க.

'நான் இன்ஜினீயர், எனக்கு எதுக்கு?'

இந்த டயலாக் வரும்னு தெரியும். ஐ.டி.க்கு சங்கம் கிடையாதுன்னு சட்டமே இருக்குன்னு ஒரு புரளி ரொம்ப நாளா சுத்துச்சு. 2014 கடைசியில டி.சி.எஸ். ஆள்குறைப்பு செய்தி வந்தபோதுதான் பலருக்குத் தூக்கம் கலைஞ்சது. 2016-ல் தமிழ்நாடு அரசே தெளிவாச் சொல்லிடுச்சு: ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறு சட்டத்துல இருந்து அவங்களுக்கு விலக்கு எதுவும் இல்லை. இன்னிக்கு ஃபைட், யுனைட்னு ஐ.டி. ஊழியர்களுக்கான அமைப்புகள் இருக்கு. இளந்தைக்குளத்துலயோ வடபழஞ்சியிலயோ வேலை கிடைச்சாலும் கதவு மூடியில்லை.

விசிட்டிங் கார்டுல 'அசோசியேட்', 'எக்ஸிக்யூட்டிவ்'னு என்ன போட்டிருந்தாலும், நீங்க உண்மையில என்ன வேலை பார்க்கிறீங்கங்கிறதுதான் கணக்கு. டெக்னிக்கல் வேலை, கிளார்க் வேலை பார்க்கிறவர் தொழிலாளிதான். மேனேஜர் வேலை பார்க்கிறவர், 18,000 ரூபாய்க்கு மேல வாங்குற சூப்பர்வைசர் இந்த வரம்புல வர மாட்டாங்க. அப்ரன்டிஸ் சட்டப்படி அப்ரன்டிஸா எடுத்தவங்களும் வர மாட்டாங்க. அதனால முதல் நாளே அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல 'அப்ரன்டிஸ்'னு இருக்கா, 'ட்ரெயினி'ன்னு இருக்கா, எத்தனை மாசம்னு பாருங்க. ஒரு ஜெராக்ஸும் பே ஸ்லிப்பும் வீட்டுல இருக்கட்டும்.

சாயங்காலம் பைக்கை எடுத்துக்கிட்டு ஃபுட் டெலிவரிக்குப் போற ஹாஸ்டல் நண்பர்களே, உங்களையும் மறக்கலை. முதலாளி யாருன்னே தெரியாத வேலை உங்களோடது. தமிழ்நாட்டுல கிக் தொழிலாளர்களுக்குனு 2023-ல் நல வாரியம் அமைச்சாச்சு. அதுல பதிவு பண்றது உதவி கிடைக்க; சங்கம்கிறது ரேட்டைப் பேச. ரெண்டும் வேற வேற, குழப்பிக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. சங்கத்துல சேர்ந்த மறுநாளே 'ஸ்ட்ரைக்!'னு குதிக்காதீங்க. இப்போ எல்லா நிறுவனத்துலயும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாள்ல கேஷுவல் லீவு போட்டாக்கூட அது வேலைநிறுத்தக் கணக்குலதான் வரும். இதை முன்கூட்டியே சொல்லி உங்களைக் கட்டுப்படுத்துற சங்கத்தைக் கோழைன்னு நினைக்காதீங்க. உங்க வேலை மேல அக்கறை உள்ள சங்கம் அது.

இந்த வார ஹோம்வொர்க் ஈஸி. உங்க வீட்டுலயோ தெருவுலயோ மில்லுல, பஸ் டிப்போவுல, பேங்க்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் கண்டிப்பா இருப்பார். ஹார்விபட்டிப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தேடவே வேண்டாம். அவர்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: 'நீங்க ஏன் அந்தச் சங்கத்துல சேர்ந்தீங்க? திரும்பச் சேர்றதா இருந்தா அதுலயே சேருவீங்களா?' முதல் கேள்விக்கு 'ஃப்ரெண்டு கூப்பிட்டான், போனேன்'னு பதில் வந்தா ஆச்சரியப்படாதீங்க. ரெண்டாவது கேள்விக்கு அவர் கொஞ்ச நேரம் யோசிப்பார். நடுவுல புகுந்து பேசாம, அவர் சொல்றதை முழுசாக் கேட்டு எழுதி வெச்சுக்குங்க. ஆஃபர் லெட்டர் வந்த பிறகு அந்த நோட்டு உதவும்.